முன் சக்கரக் குறிப்புகள்

கழற்றிய பிரேக் பேடுகளை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. அவை வண்டியில் இருந்த வரிசையிலேயே ஒரு பலகைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். இடது சக்கரத்தின் வெளிப்பேடு, உள்பேடு. வலது சக்கரத்தின் உள்பேடு, வெளிப்பேடு. இத்தனை காலம் இந்த வண்டி எப்படி நின்றது என்பதை அந்த நான்கும் சொல்லிவிடும்.

இடது பக்கத்து இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்கின்றன. வலது பக்கம்தான் வேறு மாதிரி. வெளிப்பேடில் 8 மில்லிமீட்டர் மீதமிருக்கிறது. உள்பேடில் 2 மில்லிமீட்டர். டார்ச் பிடிக்க வந்த மகள் இரண்டையும் கையில் எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தாள்.

“அப்பா, இது ரெண்டும் ஒரே சக்கரத்துலதானே இருந்துச்சு? அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் இப்படித் தேஞ்சு போயிருக்கு?”

“உள்ள இருக்கிறது விடவே இல்லம்மா. காலை எடுத்த பிறகும் உரசிக்கிட்டே இருந்திருக்கு.”

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். வேலைக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு எழுதியவை இவை.

*

வண்டி 2012ஆம் வருட ஃபோர்டு எஃப்-150. நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்டுக்கு மேற்கே. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள் படபடவென்று நடுங்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. அதோடு, ஓட்டிவந்து நிறுத்தியபின் வலது முன்சக்கரத்தின் பக்கம் போனால் அனல் அடிக்கும். கருகிய வாடை வரும். இடது சக்கரத்தில் அது கிடையாது. அறிகுறிகள் இரண்டு, காரணங்களும் இரண்டு. இரண்டுக்கும் வேர் துருதான் என்பது சக்கரத்தைக் கழற்றிய பிறகு புரிந்தது.

*

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றுகிற கருவி. 2,400 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் 9 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரே ஒருமுறை நிற்பதற்கு, சில நொடிகளுக்குள், இவ்வளவு சூடு. வேகம் பாதியாக இருந்தால் ஆற்றல் கால்வாசிதான். ஊருக்குள் நடுக்கம் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேக் பிடித்ததும் வண்டி மூக்கைத் தாழ்த்துகிறது. எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ 70 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. முன் பேடுகள் முதலில் தேய்வது இதனால்தான்.

அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கான ரோட்டர். சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதனுள் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாக விரவிக் கிடக்கிறது. வெப்பத்தைச் சீக்கிரம் பரப்புவதும், கீச்சிடும் அதிர்வை உள்ளேயே விழுங்கிவிடுவதும் அந்தச் செதில்கள்தான். முன் ரோட்டர் ஒரே தகடு அல்ல. இரண்டு முகங்கள், நடுவே இடைவெளி, அந்த இடைவெளியில் வரிசையாக இரும்புத் தடுப்புகள். சக்கரம் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வெளியே தள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்வரை ரோட்டர் தனக்குத்தானே விசிறிக்கொள்கிறது. புதிய ரோட்டரைத் தூக்கி விளிம்பிலிருக்கும் துளைகள் வழியே வெளிச்சத்தைப் பார்த்தேன். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளுக்குள் இவ்வளவு காலியிடம்.

*

சக்கரத்தைத் தூக்குமுன் செய்ய வேண்டியவற்றில் அவசரம் கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் நீண்ட கம்பியைப் போட்டு இழுத்தால் வண்டியே அசையும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. சேஸின் கீழ் ஸ்டாண்டை வைத்து வண்டியை அதன்மேல் இறக்கி, பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார்த்த பிறகே கையை உள்ளே நீட்டுவது. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டிப்போகலாம் என்று யார் சொன்னாலும் அவரிடம் வேலை கற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டாம். ஒன்று முடிந்த பிறகு மற்றது. எந்தக் கிளிப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற குழப்பம் வரும்போது, பிரிக்காத பக்கம் பதில் சொல்லும்.

*

மகளின் கேள்விக்கு வருகிறேன்.

பேடுகளை ரோட்டரின் இருபுறமும் பிடித்திருப்பது கேலிப்பர். இந்த வண்டியில் அது மிதக்கும் வகை. பிஸ்டன்கள் இரண்டும் உள்பக்கத்தில் மட்டுமே உண்டு. பிரேக்கை மிதித்தால் அவை உள்பேடை ரோட்டர்மேல் தள்ளும். ரோட்டர் நகராது. அப்போது எதிர்விசையில் கேலிப்பரின் உடல் முழுவதும் உள்பக்கமாக நகர்ந்து, வெளிப்பேடைத் தன்னோடு இழுத்துவந்து மறுமுகத்தில் அழுத்தும். அதாவது வெளிப்பேடைப் பிடிக்கவைப்பது பிஸ்டன் அல்ல; கேலிப்பரின் நகர்வு. அந்த நகர்வு நடப்பது விரல் அளவே உள்ள இரண்டு ஸ்லைடு பின்கள்மேல். காலை எடுத்ததும் அதே பின்கள்மேல் கேலிப்பர் தளர்ந்து திரும்ப வேண்டும்.

வலது பக்கத்தில் மேல்பின் ரப்பர் உறையோடு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப்பின் வரவில்லை. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் திரும்பியது, ஆனால் வெளியே வர மறுத்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்து, இடமும் வலமும் திருப்பித் திருப்பி, மயிரிழை மயிரிழையாகத்தான் இழுக்க முடிந்தது. வெளியே வந்தபின் பார்த்தேன். ரப்பர் உறையில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. அதன் வழியே நீர் இறங்கியிருக்கிறது. பின்னின் நுனிப்பக்கம் பளபளப்பாகவே இருந்தது. உறைக்கு அருகில் இருந்த பாதியில் செம்பழுப்புத் துரு பொரிந்து, கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாக அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் மணல்போல் நெருடியது. ஒரு பின் அசையும், இன்னொன்று அசையாது என்றால் கேலிப்பர் நேராக நகராது, கோணிக்கொண்டு சிக்கும். உள்பேடு தள்ளப்பட்ட இடத்திலேயே உரசிக்கொண்டிருக்கும். வெளிப்பேடுக்கு வேலையே வராது. எட்டுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த வெடிப்பில் தொடங்கியது.

*

பிஸ்டன் எப்படித் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்தக் கருவியின்மேல் ஒரு மரியாதை. அதற்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் அதை விடாமல் பற்றியபடி தானும் வளைகிறது. அழுத்தம் போனதும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பிஸ்டனையும் இம்மியளவு பின்னே இழுத்துக்கொள்ளும். பேடுக்கும் ரோட்டருக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். பேடு தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் சற்றே வழுக்கிப் புதிய இடத்தில் நிற்கிறது. அதனால் டிஸ்க் பிரேக்குக்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற வேலையே இல்லை.

பிரேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். பிடிக்க வைக்க மனிதக் காலின் பலம் இருக்கிறது, அதைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இருக்கிறது, மூடிய திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கலின் விதி இருக்கிறது. விடுவதற்கு ஒரு ரப்பர் வளையமும் கொஞ்சம் கிரீஸும்தான். பிடிப்பது கெட்டுப்போனால் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். விடுவது கெட்டால் யாருக்கும் தெரியாது. வண்டி ஓடும், நிற்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். இந்த ஊரில் நான் பார்த்த பழுதடைந்த முன்பிரேக்குகளில் பெரும்பாலானவை விட முடியாமல் கெட்டவை.

கேலிப்பரைக் கழற்றியதும் அதற்கு ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். எடை தாங்காமல் ஹோஸின் உட்சுவர் கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாது. கிழிந்த தோல் உள்ளே ஒருவழிக் கதவாக வேலை செய்யும்: மிதிக்கும் பலத்தில் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. ஒரு துண்டுக் கம்பியால் கேலிப்பரை மேலே கட்டிவைத்தேன். மகள் அந்த முடிச்சை இரண்டு தரம் இழுத்துச் சரிபார்த்தாள்.

*

ரோட்டர் வரவில்லை. கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றியாயிற்று, ரோட்டரைப் பிடித்திருக்க ஒரு போல்ட்டும் மீதியில்லை. ஆனாலும் சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு துருவால் ஒட்டிப்போயிருக்கிறது. நட்டுகள் ஏறும் ஸ்டட்டுகளுக்கு இடையே ஹப்பைச் சுற்றி எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஸ்டட்டில் படாமல் அவற்றுக்கு நடுவே சுத்தியலால் தட்டி, ரோட்டரைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி தட்ட வேண்டும். பழைய ரோட்டரைத் திரும்பப் போடப்போவதில்லை என்றால் கையை ஓங்கி அடிக்கலாம். ஹப்பின் பேரிங் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருக்க வேண்டும்.

எண்ணெய் ஊறக் காத்திருந்த நேரத்தில், இந்தத் துருவுக்குக் காரணமான உப்பைப் பற்றி யோசித்தேன். டெட்ராய்டு நகரத்துக்குக் கீழே, 1,100 அடிக்கும் கூடுதலான ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அதை வெட்டத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் வற்றியபோது படிந்த உப்பு. சுரங்கத்தின் பாதைகள் பக்கத்து நகரமான டியர்பார்ன்வரை நீள்கின்றன. அந்த டியர்பார்னில்தான் ஃபோர்டின் ரூஜ் ஆலை. எஃப்-150 பிக்கப்புகள் அங்கே உருவாகின்றன. தலைக்குமேல் வண்டி செய்கிறார்கள், காலுக்குக் கீழே அந்த வண்டியைத் தின்னும் உப்பை வெட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையெங்கும் உப்பைத் தூவுகிறார்கள். அது உயிர்களைக் காக்கிறது, சந்தேகமே இல்லை. கரைந்த உப்புநீர் சக்கரத்திலிருந்து தெறித்து ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து, வசந்தம் வந்தும் போவதில்லை. இரும்பைவிடத் துருவுக்குக் கனபரிமாணம் அதிகம். பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தில், எஃகுக் கிளிப்புக்கு அடியில் துரு பொங்கினால் கிளிப் மேலெழும்பிப் பேடை இறுக்கிக்கொள்ளும். புதிய பேடைப் போட்டுச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டி ஏற்றிய பேடு எப்படித் தானாகத் திரும்பி வரும்? கிளிப்பைக் கழற்றி, அடியில் வெறும் இரும்பு தெரியும்வரை அரம் போட்டு, புதுக் கிளிப் வைத்தால் பேடு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். நான் இந்த வேலையில் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

நான்காவது சுற்றுத் தட்டலில் ரோட்டர் சட்டென்று விட்டது. துருத்தூள் பொலபொலவென்று காலணிமேல் கொட்டியது.

*

நடுக்கத்துக்கு ‘ரோட்டர் வளைந்துவிட்டது’ என்று காரணம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது வளைவதில்லை. ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கு ஒன்று இருந்தால், அதன்மேல் உட்காரும் ரோட்டர் துளியளவு சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை லேசாகத் தொட்டுத் தொட்டுப் போகும். நாளடைவில் அந்த இடம் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே திட்டாகப் படியும். ரோட்டரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு மாறினாலே ஸ்டியரிங்கில் உணரலாம்.

ஆகவே புது ரோட்டர் போட்டும் சில மாதங்களில் நடுக்கம் திரும்புகிறது என்றால், ரோட்டரைக் குறை சொல்லுமுன் ஹப்பைப் பார்க்க வேண்டும். கம்பிப் பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு துணி. ஸ்டட்டின் அடிவாரத்தைச் சுற்றியிருக்கும் துருவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துரு பிடிக்காமலிருக்க ஹப்பின் முகத்தில் மெல்லிய பூச்சு ஒன்று தடவுவேன். ஸ்டட்டின் மரைகளில் அது படவிடமாட்டேன், பட்டால் நட்டின் இறுக்கம் கணக்கு தப்பும். ரோட்டரில் துளை போட்டது, கீற்று வெட்டியது என்று விலை கூடியவை கிடைக்கின்றன. வீட்டுக்கும் வேலைக்கும் ஓடும் பிக்கப்புக்கு அவை தேவையில்லை. விளிம்பிலும் நடுவிலும் துரு தாங்கும் பூச்சு கொடுத்த சாதாரண ரோட்டர் போதும். பழையதைக் கடைந்து சமப்படுத்தலாம்தான். அதில் வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் அளவுக்குக் கீழே போய்விட்டால் அது இரும்புக் கடைக்குத்தான். என்னுடையது அந்த அளவைத் தொட்டுவிட்டது.

*

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் காப்புரிமை பெற்றது 1902இல். அது பரவ அரை நூற்றாண்டு ஆனது. 1953 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பழைய டிரம் பிரேக்கில் டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து தள்ளும் ஷூவைவிட்டு விலகும். டிஸ்க் சூடானால் தடித்து, பேடை நோக்கி வரும். நீண்ட இறக்கத்தில் உயிரைக் காப்பது அந்த வித்தியாசம்.

*

புதுப் பேடின் பெட்டியில் மூன்று சின்ன இலைகள் அச்சிட்டிருக்கின்றன. மூன்றும் நிரம்பியிருந்தால் அந்தப் பேடில் செம்பு அரை சதவீதத்துக்கும் குறைவு என்று பொருள். பேடு தேயும்போது உதிரும் தூள் மழைநீரோடு ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மன் மீன்களின் மோப்பத்தைக் கெடுக்கும். இரைதேடி வரும் எதிரியை அவற்றால் உணர முடியாமல் போகும். 2010இல் வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் பேடுகளில் செம்பைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தன. அந்த இலைகள் அதன் பின்விளைவு. எங்கோ ஒரு சிக்னலில் நான் காலை அழுத்துவதற்கும் ஓர் ஆற்றில் மீன் குஞ்சு பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் சட்டமாக்கிய மனிதர்களுக்கு மனதார நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அதற்கு முன் கல்நார். பல பத்தாண்டுகள் பேடுகளில் இருந்தது. பட்டறைகளில் காற்றடித்துச் சுத்தம் செய்தவர்களின் நுரையீரலில் போய்த் தங்கியது. அமெரிக்க அரசு 1989இல் தடைசெய்தது, 1991இல் நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை நீக்கியது. பிரேக்கில் பயன்பட்ட வெண்கல்நாருக்குத் தடை வந்தது 2024இல்தான். வண்டியில் எப்போதோ யாரோ போட்ட பேடு எதனால் ஆனது என்று நமக்கு எப்படித் தெரியும்? தூளை ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து, கீழே தட்டு வைத்துப் பிடித்துவிட வேண்டும். மகளுக்கு முகக்கவசம் கொடுத்துத்தான் அருகில் நிற்க விட்டேன்.

*

பிஸ்டனைப் பின்னே தள்ளும் வேலை மகளுடையது. பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன்களின் முகத்தில் வைத்து, சி-கிளாம்பை மெதுவாக முறுக்கினாள். வேகமாக முறுக்கினால் ஆயில் தொட்டியின் வாய் வழியே பொங்கும். பெயின்டில் பட்டால் பெயின்டை உரிக்கும். அரைச் சுற்று, நிறுத்தம், பானெட்டின்கீழ் எட்டிப் பார்த்தல், மறுபடி அரைச் சுற்று. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட்-3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். எங்கள் தொட்டியில் நிறம் தேநீரைப் போல் ஆகிவிட்டது. இதை முடித்தபின் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

பின்களுக்குப் புது ரப்பர் உறை, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சு. நிறைய அப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் வெளியே தள்ளும். இரண்டு பின்னும் இப்போது விரல் நுனியால் போய் வருகின்றன.

*

நட்டுகள் ஆறு. எதிரெதிராக, நட்சத்திர வரிசையில். டார்க் ரெஞ்சில் 150 அடி-பவுண்டு. ‘கிளிக்’ என்று கேட்டதும் நிறுத்த வேண்டும், இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு.

எஞ்சினைத் தொடுமுன் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மிதிகளில் பெடல் தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன்கள் வெகுதூரம் பின்னே இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் கீழே கெட்டிப்படும். அது கெட்டிப்படாமல் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது.

பிறகு பழக்கும் ஓட்டம். ஆளில்லாத சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்குக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பலமுறை. பேடின் பொருள் ரோட்டர்மேல் ஒரே சீரான படலமாக ஏற வேண்டும். இடையில் முழுதாக நிற்கக் கூடாது. சூடான ரோட்டரைப் பேடு ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தபடி நின்றால், அந்த இடத்தில் தடம் விழும். நடுக்கம் அங்கிருந்து மீண்டும் தொடங்கும். இங்கேயும் விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் கொஞ்சதூரம் ஓட்டிக் காற்றில் ஆறவிட்டு வீடு திரும்பினோம்.

மகள் இறங்கிப் போய் இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும், தொடாமல், உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே சூடுதான்ப்பா.”

*

நூறு மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய ரோட்டர்கள் இரும்புக் கடைக்கு. அக்டோபரில், உப்பு லாரிகள் வெளியே வருமுன், நான்கு பின்களையும் வெளியே இழுத்து, துடைத்து, கிரீஸ் போட வேண்டும். பேடு புதிதாகத்தானே இருக்கிறது என்று அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதாக இல்லை.